முதல் மாஸ்க் ஆசிரியருக்கு

கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஒரு தொடக்கப் பள்ளி, 2021 மே மாதம். வகுப்பில் 24 பிள்ளைகள். பள்ளிக்குள் எல்லோரும் மாஸ்க் போட வேண்டும் என்பது விதி. மேசைக்கு மேசை ஆறடி இடைவெளி. கதவும் ஜன்னல்களும் திறந்திருந்தன. வகுப்பின் முன்பக்கம் காற்றை வடிகட்டும் ஹெப்பா கருவி ஒன்றும் வைத்திருந்தார்கள். ஆசிரியருக்கு மூக்கடைப்பு, அசதி. ஒவ்வாமைதான் என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார். பிள்ளைகளுக்குப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும்போது மாஸ்க்கைக் கழற்றினார். அவருக்கு வந்திருந்தது கொரோனா, டெல்டா வகை. பரிசோதனை செய்துகொண்ட 22 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று. ஆசிரியருக்கு நெருக்கமான முதல் இரண்டு வரிசைகளில் 10 பேரில் 8 பேர். பின்னால் இருந்த மூன்று வரிசைகளில் 14 பேரில் 4 பேர்.

பள்ளியில் மாஸ்க் பற்றிப் பேசும் எல்லோரும் இந்த ஒரு வகுப்பறையை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே இருந்த ஏற்பாடுகளில் பாதிகூட நம் ஊர்ப் பள்ளிகளில் கிடையாது. அத்தனை இருந்தும் ஒரே ஒரு முகத்தில், அதுவும் சத்தமாகப் பேசிய முகத்தில், மாஸ்க் இல்லாமல் போனதால் பாதி வகுப்புக்குத் தொற்றியது.

காரணம் எளிமையானது. வாயிலிருந்து வெளியேறும் துகள் அந்த நொடியில் ஈரமாகவும் பெரிதாகவும் இருக்கிறது. சிறிது தூரம் போவதற்குள் ஈரம் உலர்ந்து சுருங்கிவிடுகிறது. சுருங்கியது அறை முழுக்க மிதக்கும். அதன் பிறகு அதைப் பிடிப்பது கடினம். ஆகவே வெளியே விடுபவர் முகத்தில் இருக்கும் சாதாரண மாஸ்க்கூட, உள்ளே இழுப்பவர்கள் முகங்களில் இருக்கும் அதே தரத்து மாஸ்க்கைவிட அதிகம் தடுக்கும். இன்னொன்று, குரல் உயர உயரத் துகளின் எண்ணிக்கையும் கூடும். மெல்லப் பேசுவதற்கும் கத்திப் பேசுவதற்கும் இடையே பல மடங்கு வித்தியாசம்.

நம் வகுப்பறையில் யார் உரக்கப் பேசுகிறார்கள்? நாற்பது பிள்ளைகள், தலைக்கு மேல் கடகடவென்று ஃபேன், பக்கத்து வகுப்பின் இரைச்சல், இவை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பேசுபவர் ஆசிரியர். அடுத்தது வாய்ப்பாடும் செய்யுளும் கோரஸாக ஒப்பிக்கும் பிள்ளைகள். அதனால்தான் சொல்கிறேன்: ஒரு பள்ளியில் நல்ல மாஸ்க் வாங்க இருக்கும் பணம் குறைவு என்றால், முதலில் ஆசிரியர்களுக்கு வாங்குங்கள். அடுத்தது, இருமிக்கொண்டு வரும் பிள்ளைக்கு. மற்றவர்கள் அப்புறம்.

மாஸ்க் போட்டுக்கொண்டு பேசினால் குரல் அமுங்குகிறது, அதனால் இன்னும் கத்த வேண்டியிருக்கிறது, அதனால் மூக்குக்குக் கீழே இறக்கிவிடுகிறோம் என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. இதற்குத் தீர்வு, இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கரும் காதோடு மாட்டும் மைக்கும். கோயில் திருவிழாவில் வழிகாட்டுபவர்கள் கட்டியிருப்பார்களே, அதே ரகம். மைக்கை மாஸ்க்குக்கு வெளியே, வாய்க்கு ஓரமாக வைக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் மாஸ்க் துணி உரசும் ஓசைதான் கேட்கும். சாதாரணக் குரலில் பேசினாலே கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். துகளும் குறையும், தொண்டையும் தப்பிக்கும். கொரோனா போன பிறகும் இதை விடவேண்டிய அவசியமில்லை. காது சரியாகக் கேட்காத, உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை வகுப்பில் இருந்தால், ஆசிரியர் திறந்த ஜன்னலோரம் தள்ளி நின்று மாஸ்க் இல்லாமல் மைக்கில் மெதுவாகப் பேசுவதே சரி. அந்தப் பிள்ளையின் படிப்பை மாஸ்க்குக்காகப் பலி கொடுக்கக் கூடாது.

பிள்ளைகள் மாஸ்க் போட்டால் பயன் உண்டா என்று கேட்டால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜப்பானின் மாட்சுமோட்டோ நகரில் 2014-15 ஃப்ளூ பருவத்தில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் கேள்வித்தாள் கொடுத்து, 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரம் திரட்டினார்கள். மாஸ்க் போட்ட பிள்ளைகளுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைவாக இருந்தது. தடுப்பூசிக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன்தான் தெரிந்தது. மாஸ்க்கின் பலன் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் தெளிவாகத் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை என்பது எல்லோரும் அறிந்ததுதானே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2022 பிப்ரவரி இறுதியில் பள்ளி மாஸ்க் விதியை நீக்கியது. பாஸ்டன் வட்டாரத்தின் 72 பள்ளி மாவட்டங்களில் பாஸ்டனும் செல்சியும் மட்டும் ஜூன் வரை விதியைத் தொடர்ந்தன. விதியை நீக்கிய இடங்களில் அடுத்த 15 வாரங்களில் 1,000 பேருக்குச் சுமார் 45 தொற்றுகள் கூடுதல். ஆனால் ஸ்பெயினின் கேட்டலோனியாவில் 2021 கடைசியில் ஆறு வயது முதல் மாஸ்க் கட்டாயம், ஐந்து வயதுக்கு இல்லை. ஐந்து வயதினரையும் ஆறு வயதினரையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த மூன்றில் எதுவும், யார் மாஸ்க் போடுவது என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்து நடத்திய ஆய்வு அல்ல. மாஸ்க் போடும் குடும்பங்கள் மற்ற விதத்திலும் கவனமாக இருக்கலாம்.

இந்த முரண்பாட்டைப் பார்த்து மாஸ்க் வீண் என்று முடிவு கட்டுவது தவறு. ‘மாஸ்க் போட வேண்டும் என்று விதி போட்டார்கள்’ என்பதும் ‘தொற்று பரவும் நேரத்தில் மூக்கும் வாயும் மூடியிருந்தது’ என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே பல ஓட்டைகள். மீதிப் பதிவு அந்த ஓட்டைகளைப் பற்றியதுதான்.

முதல் ஓட்டை மாஸ்க்கிலேயே இருக்கிறது. மருந்துக் கடையில் 50 எண்ணம் உள்ள பெட்டியாகக் கிடைக்கும் மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கை வாங்கியதும் ஒன்றைக் கத்தரித்துப் பாருங்கள். வெளியே நீலம், உள்ளே வெள்ளை, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை அடுக்கு ஒன்று தனியாக வரவேண்டும். அதன் பெயர் மெல்ட்புளோன். வடிகட்டும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. அதில் நிலைமின்னேற்றம் ஏற்றியிருப்பார்கள். அந்த அடுக்கைத் தனியாக உரித்துக் கிழித்த காகிதத் துணுக்குகளின் மேல் பிடித்தால் துணுக்குகள் துள்ளி ஒட்டும். நடு அடுக்கே இல்லை, அல்லது வெளி அடுக்கு மாதிரியே முரட்டுத் துணி என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் ஐ.எஸ். 16289 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். என்95 வகைக்கு இணையான எஃப்.எஃப்.பி.2 என்றால் ஐ.எஸ். 9473.

அந்த மின்னேற்றம் இருப்பதால்தான் இவற்றைத் துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கக் கூடாது. சோப்பும் ஆல்கஹாலும் மின்னேற்றத்தைப் போக்கிவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வேலை செய்யாது. சிக்கனத்துக்காகத் துவைத்துக் காயப்போடும் வீடுகள் ஏராளம். துவைத்துப் போட வேண்டும் என்றால் நெருக்கமான பருத்தித் துணியில் மூன்றடுக்காகத் தைத்த துணி மாஸ்க் வாங்குங்கள். தடுக்கும் அளவு குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அளவு அடுத்தது. பெரியவர்கள் மாஸ்க் பொதுவாக 17.5 சென்டிமீட்டர் நீளம், பிள்ளைகளுடையது 14.5. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் மாஸ்க்கைப் போட்டுவிட்டால் கன்னத்தின் இரு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். காற்று தடை குறைந்த வழியைத்தான் தேடும். துணி வழியாகப் போகாமல் ஓரம் வழியாகப் போய் வரும். பிள்ளை மாஸ்க் கிடைக்காத நாளில் பெரியவர் மாஸ்க்கை நீளவாட்டில் பாதியாக மடித்து, காது வளையம் தொடங்கும் இடத்தில், துணி ஓரத்தை ஒட்டி இரு பக்கமும் ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு பிரித்து, முடிச்சுக்கு அருகே பிதுங்கும் துணியை உள்பக்கமாக மடித்துச் செருகினால் பக்கவாட்டு இடைவெளி அடையும். மாணவர்களுக்கு ஒரு முறை செய்து காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொள்வார்கள்.

மூக்குக் கம்பியை ஒற்றைக் கையால் கிள்ளினால் நடுவில் கூரான முக்கோணம் மாதிரி எழும்பி இரு பக்கமும் சந்து விழும். இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் மூக்கின் நடுவில் வைத்து, வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே கன்னம் வரை போக வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்கு மூச்சு விடும்போது கண்ணாடி மங்கினால் மேலே கசிகிறது என்று அர்த்தம். மூச்சை இழுக்கும்போது மாஸ்க் லேசாக முகத்தோடு ஒட்டி வந்தால் சரியாகப் படிந்திருக்கிறது. கொஞ்சம் பெரிய மூக்குத்தி போட்டவர்களுக்குக் கம்பி அந்தப் பக்கம் படியாது. சின்னத் திருகாணிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. தாடி இருந்தால் எந்த என்95-உம் முழுப் பலன் தராது. ஆசிரியர்களுக்குத் தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை உள்ளதே சிறந்தது. மேல் பட்டை உச்சிக்குப் பின்னால், கீழ்ப் பட்டை பின்னலுக்கு அடியில் கழுத்தோடு. இரண்டையும் கழுத்திலேயே போட்டால் மேல் ஓரம் விலகிக் கசியும். ஐந்து மாஸ்க் வாங்கி, ஐந்து காகித உறைகளில் திங்கள், செவ்வாய் என்று எழுதி, நாளுக்கு ஒன்றாகப் போட்டு அடுத்த வாரம் அதே நாளில் மறுபடி எடுக்கலாம். பட்டை தளர்ந்தாலோ மாஸ்க் கசங்கி வடிவம் இழந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். ஐந்து முறைக்கு மேல் இழுக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மறுநாள் பூசணம் வாசனை அடிக்கும்.

பிள்ளையின் பையில் இரண்டு மாஸ்க், ஒரு காகித உறை. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு புதியது. வியர்வையில் நனைந்தால் மூச்சு இழுப்பது சிரமமாகி, பிள்ளை தானாகவே மூக்குக்குக் கீழே இறக்கிவிடும். அது அடம் அல்ல, திணறல். நனைந்தால் மாற்று என்று சொல்வதுதான் முறை. நனைந்ததை மூக்குக்கு மேல் ஏற்று என்று அதட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது ஓட்டை மதியச் சாப்பாடு. காலை நான்கு பீரியட் மாஸ்க் போட்டு உட்கார்ந்த பிள்ளைகள், மதியம் தோளோடு தோள் உரச வட்டமாக உட்கார்ந்து, மாஸ்க் இல்லாமல், சிரித்துப் பேசிக்கொண்டே அரை மணி நேரம் சாப்பிடுகிறார்கள். காலையில் பட்ட பாடெல்லாம் அங்கே கரைகிறது. ஜப்பானியப் பள்ளிகளில் கொரோனா காலத்தில் ‘மொகுஷொகு’ என்று ஒரு வழக்கம் வந்தது: ஒரே திசை பார்த்து உட்கார்ந்து, பேசாமல் சாப்பிடுவது. பேச்சே கூடாது என்பதைப் பிள்ளைகள் மேல் ஆண்டுக்கணக்கில் சுமத்துவதை நான் ஏற்கவில்லை. நமக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது: வராண்டாவும் வேப்ப மரத்தடியும். ஃப்ளூ பரவும் வாரங்களில் சாப்பாட்டை வகுப்பறைக்குள் வைக்கவே வேண்டாம். வரிசையாக, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தால் எதிரெதிர் மூச்சு படாது. மழை நாளில் இரண்டு பந்தி. சத்துணவு பரிமாறுபவர்கள் மாஸ்க் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் குனிந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘போதுமா’ என்று கேட்பவர்கள் அவர்கள்.

மூன்றாவது வேன். பிள்ளைகளை அடைத்து, ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்ட வேனில் அரை மணி நேரம் என்பது பள்ளியில் எந்த அறையைவிடவும் நெருக்கமான மூச்சு. குறுக்காக இரண்டு ஜன்னல்கள், முன்னால் இடப்பக்கம் ஒன்று, பின்னால் வலப்பக்கம் ஒன்று, நான்கு விரல் திறந்திருந்தால் ஓடும் வண்டியில் காற்று ஊடுருவிப் போய்விடும். ஒரே பக்கத்து ஜன்னல்களை மட்டும் திறந்தால் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று எட்டாது.

வகுப்பறைக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம்: சுமார் 113 கன மீட்டர். நாற்பது பிள்ளைகள். ஸ்பிளிட் ஏசி ஓடுகிறது, கதவும் ஜன்னலும் அடைப்பு. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது, அறைக் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் தரும். இப்படி 45 நிமிடப் பீரியட் முடியும்போது கார்பன் டை ஆக்சைடு 3,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 3,000 பங்கு) தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது சுமார் 420தான். நாம் விடும் மூச்சில் கிட்டத்தட்ட 40,000. இந்த மூன்று எண்களையும் வைத்துப் பார்த்தால், 3,000 இருக்கும் அறையில் ஒரு பிள்ளை இழுக்கும் காற்றில் நூற்றுக்குச் சுமார் ஆறரைப் பங்கு அடுத்தவர் நுரையீரலிலிருந்து வந்தது. அதே அறையில் இரு பக்க ஜன்னல்களும் திறந்து அளவு 800க்கு இறங்கினால் நூற்றுக்கு ஒரு பங்கு. மாணவர்களுக்கு எந்த மாஸ்க்கும் வாங்காமல், ஜன்னல் கொக்கியைத் தூக்கியே இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரலாம்.

மேலே சுழலும் ஃபேன் காற்றைக் கலக்கும், மாற்றாது. ஜன்னல் மூடியிருந்தால் முதல் பெஞ்சின் இருமலைக் கடைசி பெஞ்சுக்கு எடுத்துப் போவதைத் தவிர அதனால் நன்மை இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்ன இலக்கு, அறைக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது மாற வேண்டும் என்பது. நம் அறைக்கு அது மணிக்கு 565 கன மீட்டர். ஒரு பக்கச் சுவரில் மட்டுமே ஜன்னல் உள்ள அறைகளுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 600க்கு மேல் உள்ளதை வாங்கி, கதவுக்கு எதிர்ச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். இங்கே நடக்கும் வழக்கமான பிழை, எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பது. ஃபேன் அந்த ஜன்னல் வழியே வரும் காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளும், பிள்ளைகள் பக்கத்துக் காற்று அசையாது. பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கக் கதவைத் திறக்க வேண்டும்.

பள்ளிக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்தால் போதும், வகுப்பு வகுப்பாக எடுத்துப் போய்ப் பார்க்கலாம். என்.டி.ஐ.ஆர். சென்சார் என்று போட்டிருப்பதையே வாங்குங்கள்; அது கார்பன் டை ஆக்சைடையே நேரடியாக அளக்கும். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து அதை வைத்து ஊகமாக ஓர் எண்ணைக் காட்டும்; பக்கத்தில் சானிடைசர் பாட்டிலைத் திறந்தாலே எகிறும். மொட்டை மாடியில் 420, 450 என்று காட்டுகிறதா பார்த்துவிட்டு, வகுப்பில் பிள்ளைகள் மூக்கு உயரத்தில், ஜன்னலிலிருந்தும் ஆட்களிடமிருந்தும் மூன்றடி தள்ளி வையுங்கள்.

சில நோய்களுக்கு ஜன்னல் இல்லாமல் மாஸ்க் மட்டும் போதாது. 1974இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தட்டம்மை வந்த ஒரே ஒரு பிள்ளையிடமிருந்து 28 பேருக்குத் தொற்றியது. அவர்கள் 14 வெவ்வேறு வகுப்பறைகளில் இருந்தவர்கள். கட்டடத்தின் காற்றுக் குழாய்கள் ஒரு வகுப்பின் காற்றை மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோயின. தட்டம்மைக்குத் தடுப்பூசிதான் முதல் காவல். மறுபக்கம், மெட்ராஸ் ஐக்கும் கை-கால்-வாய் நோய்க்கும் மாஸ்க்கை நம்பிப் பயனில்லை. அவை பெரும்பாலும் கை வழியாகவும், துண்டு, பேனா, பொம்மை வழியாகவும் போகின்றன. அங்கே சோப்புதான்.

யாருக்குப் போடக் கூடாது என்பதும் முக்கியம். ஐந்து வயதும் அதற்குக் கீழும் வேண்டாம். இந்தியச் சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் சொன்னதும் அதுவே: ஆறு முதல் பதினொன்று வரை, பிள்ளை சரியாகப் போட்டுக் கழற்றத் தெரிந்தால், பெரியவர் கண்காணிப்பில், பன்னிரண்டிலிருந்து பெரியவர்களைப் போல. ஓடும்போதும் விளையாடும்போதும் கழற்றிவிட வேண்டும். தூங்கும் பிள்ளைக்குக் கூடாது. தானாகக் கழற்ற முடியாத பிள்ளைக்கு எந்த வயதிலும் கூடாது.

புதுச்சேரியில் ஃப்ளூ பரவியதால் 2023 மார்ச் 16 முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள். முழு ஆண்டுத் தேர்வை நெருங்கும் நேரத்தில் பதினொரு நாள். அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் மலிவான வழி, நோய் உள்ள பிள்ளை வீட்டில் இருப்பது. ஆனால் நம் பள்ளிகள் பல, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளையை மேடையேற்றிப் பரிசு கொடுக்கின்றன. அந்தப் பரிசுக்காக பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். மருந்தின் வேகம் மதியம் குறையும்போது பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்துக் கிடக்கும். முழு வருகைப் பரிசை நிறுத்துங்கள் என்று தலைமை ஆசிரியர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும், பிள்ளைகளிடம் இன்னும் அதிக நாள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, இருமலும் குறைந்து வருகிறது என்றால் பள்ளிக்கு அனுப்பலாம். அதன் பிறகு ஐந்து நாள் மாஸ்க்.

அந்த ஐந்து நாள் மாஸ்க்கைப் பெற்றோர் வாங்கித் தருவார்கள் என்று காத்திருக்காமல் வகுப்பு அலமாரியிலேயே ஒரு பெட்டி வைத்திருங்கள். நாற்பது பேர் வகுப்பில் மோசமான வாரத்தில் நான்கு பேர் இருமலோடு வந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, ஐந்து நாளைக்கு மொத்தம் 40. ஐம்பது எண்ணம் உள்ள பெட்டி ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும், மீதம் பத்து. பிள்ளை அளவில் வாங்குங்கள். கழற்றியதைப் போட, மூடி உள்ள தொட்டி ஒன்று கதவுக்குப் பக்கத்தில்.